குடுமி வைத்தால் கிறிஸ்தவர் இல்லையா? மதுரையில் காவி கட்டிய ராபர்ட் டி நொபிலிக்கு ரோம் சொன்ன பதில் என்ன?

நெற்றியில் பொட்டு வைக்கலாமா? பொங்கலுக்குப் பானை ஏற்றினால் தப்பா? தாலி கட்டலாமா, மோதிரம் மட்டும் போதுமா?

ஆனைக்குட்டம், சிவகாசி, விருதுநகர் வட்டாரத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் இருக்கும் தெருக்களில் இந்தக் கேள்விகள் புதுசு இல்லை. அண்ணன் கோயிலுக்கும் தம்பி சர்ச்சுக்கும் போகிற வீடு என்றால் கேட்கவே வேண்டாம். கல்யாணம், காதுகுத்து, சாவு என எது வந்தாலும் இந்தப் பேச்சும் கூடவே வந்துவிடும்.

ஆனால் இதே கேள்வி 400 வருஷத்துக்கு முன்னாடியே ஒரு பெரிய பஞ்சாயத்தாகி, மதுரையில் இருந்து கோவாவுக்கும், அங்கிருந்து ரோமுக்கும் போனது. கடைசியில் போப்பே தீர்ப்பு சொல்ல வேண்டி வந்தது. பஞ்சாயத்தின் நடுவில் நின்றவர் ராபர்ட் டி நொபிலி. தமிழில் தத்துவ போதகர் என்று அறியப்பட்டவர்.

யார் இந்த நொபிலி?

1577-ல் இத்தாலியில் பிறந்தவர். சாதாரணக் குடும்பம் இல்லை. சொந்தத்தில் ஒருவர் போப்பாகவே இருந்தவர். இன்னொரு உறவினர் கர்தினால் ராபர்ட் பெல்லார்மின். கத்தோலிக்கத் திருச்சபையில் எது சரியான விசுவாசம், எது தப்பறை என்று சொல்லும் இடத்தில் இருந்த பெரிய அறிஞர். ஜோர்டானோ புரூனோ, கலிலியோ விவகாரங்களிலும் இவர் பெயர் வரும்.

பதவியும் சொத்தும் காத்திருந்த நிலையில், குடும்பத்தின் எதிர்ப்பை மீறி இயேசு சபையில் சேர்ந்தார் நொபிலி. 1605-ல் கோவா வந்து இறங்கினார். கொச்சியிலும் முத்துக்குளித்துறைக் கடற்கரையிலும் கொஞ்ச காலம் இருந்து தமிழ் படித்தார். 1606 கடைசியில் மதுரைக்கு வந்தார். அப்போது ஆனைக்குட்டம் உள்ளிட்ட இந்த வட்டாரம் எல்லாம் மதுரை நாயக்கர் ஆட்சியில் இருந்தது.

மதுரையில் என்ன பிரச்னை?

அங்கே ஏற்கெனவே ஒரு பாதிரியார் இருந்தார். பெயர் கொன்சாலோ பெர்னாண்டஸ். போர்ச்சுகல்காரர், முன்னாள் படைவீரர், வயதில் மூத்தவர். பத்து வருஷத்துக்கு மேலாக மதுரையில் வேலை செய்துகொண்டிருந்தார். கடற்கரையில் இருந்து வந்து போகும் பரதவ கிறிஸ்தவர்களுக்குத் துணையாக இருந்தார். ஆனால் மதுரை ஆட்கள் யாரும் அவர் பேச்சைக் கேட்டு மதம் மாறவில்லை.

காரணம் ஒரே வார்த்தைதான். பரங்கி.

போர்ச்சுகல்காரர்களுக்கு ஊரில் இருந்த பெயர் அது. மாட்டுக்கறி தின்பவர், சாராயம் குடிப்பவர், குளிக்காதவர் என்று அந்த வார்த்தைக்குள் ஒரு முழு இழிவே அடங்கியிருந்தது. கிறிஸ்தவத்துக்கும் பரங்கி மார்க்கம் என்றே பெயர். விசித்திரம் என்னவென்றால், பாதிரியார்களே அந்தப் பெயரைத்தான் பயன்படுத்தினார்கள். ஞானஸ்நானம் வாங்க வருபவரிடம், பரங்கி குலத்தில் சேர சம்மதமா என்கிற அர்த்தத்தில்தான் கேட்டார்கள்.

கிறிஸ்துவை நம்புவது வேறு, போர்ச்சுகல்காரர் மாதிரி ஆவது வேறு. இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்துபோனதுதான் கோளாறு என்று நொபிலி முடிவுக்கு வந்தார்.

காவி, பூணூல், ஒருவேளைச் சாப்பாடு

அதுக்குப் பிறகு அவர் செய்தது யாரும் எதிர்பார்க்காதது. கறுப்பு அங்கியைக் கழற்றிவிட்டுக் காவி கட்டினார். கறி, மீன், மது எல்லாவற்றையும் விட்டார். பிராமணர் ஒருவர் சமைத்த சைவச் சாப்பாடு, அதுவும் நாளுக்கு ஒருவேளைதான். நெற்றியில் சந்தனம் வைத்தார். பொன்னும் வெள்ளியும் கலந்த பூணூலைச் சிலுவையோடு சில காலம் அணிந்தார். தான் பரங்கி இல்லை, ரோமாபுரியில் உயர்குலத்தில் பிறந்த சந்நியாசி என்று ஓலையில் எழுதி வீட்டு வாசலில் வைத்தார்.

சிவதர்மர் என்ற தெலுங்கு பிராமணரிடம் சமஸ்கிருதம் படித்தார். முறையாகச் சமஸ்கிருதம் கற்ற முதல் ஐரோப்பியர்களில் ஒருவராக இவரைச் சொல்வது வழக்கம். தமிழில் ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம், தூஷணத் திக்காரம் எனப் பல உரைநடை நூல்களை எழுதினார். ஜெபத்திலும் போதனையிலும் புரியாமல் கிடந்த போர்ச்சுகீசிய, லத்தீன் வார்த்தைகளுக்குப் பதிலாக வேதம், குரு, பூசை, கோயில் போன்ற சொற்களை அவர் கொண்டுவந்தார். தென் மாவட்டங்களில் வயசானவர்கள் இன்றைக்கும் சர்ச்சைக் கோயில் என்றும், திருப்பலியைப் பூசை என்றும் சொல்வதற்கு இந்தப் பழக்கமே மூலம்.

முதலில் மனம் மாறியவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். சும்மா மாறவில்லை. கடவுள், ஆத்துமா, மறுபிறவி என்று 20 நாள் விவாதம் நடத்திவிட்டுத்தான் ஞானஸ்நானம் பெற்றார். பிறகு சிவதர்மரும் கிறிஸ்தவரானார். குடுமியோ பூணூலோ அவர்களிடம் இருந்து பறிக்கப்படவில்லை.

சக பாதிரியார் அனுப்பிய புகார்

பெர்னாண்டஸால் இதைத் தாங்க முடியவில்லை. 1610-ல் அவர் மேலிடத்துக்கு நீளமாக ஒரு புகார் எழுதினார்.

நொபிலி இந்துக்களின் மத அடையாளங்களைக் கிறிஸ்தவர்களுக்கு அனுமதிக்கிறார். தன்னை வேறு சாதி என்று சொல்லிக்கொள்கிறார். தனியாக ஒரு கோயில் வைத்துக்கொண்டு, பரதவர் வரும் கோயிலுக்குத் தன் ஆட்களை அனுப்புவதில்லை. சக பாதிரியாரான தன்னோடு வெளிப்படையாகப் பழகுவதே இல்லை. இதுதான் குற்றச்சாட்டுகளின் சுருக்கம்.

செய்தி ஐரோப்பா போய்ச் சேரும்போது இன்னும் பெரிதாகிவிட்டது. நொபிலி விசுவாசத்தையே விட்டுவிட்டார் என்று ரோமில் வதந்தி பரவியது. பெல்லார்மினே வருத்தப்பட்டு, கண்டித்துக் கடிதம் எழுதினார். புதிதாக வந்த மேலதிகாரி கட்டுப்பாடுகள் விதிக்க, மதுரையில் புது ஞானஸ்நானங்கள் ஏறக்குறைய நின்றுபோயின.

அந்தக் காலத்தில் இது விளையாட்டு விஷயம் இல்லை. கோவாவில் 1560 முதல் மத விசாரணை மன்றம் இயங்கி வந்தது. ஞானஸ்நானம் வாங்கிய பிறகும் பழைய வழிபாட்டை ரகசியமாகத் தொடர்ந்தார்கள் என்று பலர் அங்கே தண்டிக்கப்பட்டார்கள். ஒருவர் வீட்டில் என்ன சமைக்கிறார், என்ன உடுத்துகிறார் என்பதுகூட அங்கே சந்தேகத்தைக் கிளப்பும்.

கத்தோலிக்கத்தில் பதிதர் என்றால் யார்?

நொபிலியின் வழக்கு புரிய வேண்டும் என்றால் இந்த அடிப்படை தெரிய வேண்டும். பழைய கத்தோலிக்கத் தமிழில் தவறான போதனையைத் தப்பறை என்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் பதிதர்.

இப்போது நடைமுறையில் உள்ள 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 751-வது பிரிவு இதைத் தெளிவாக வரையறுக்கிறது. நடுக்கால இறையியலில் இருந்து வரும் கருத்துதான் அது. ஒருவர் பதிதர் ஆக மூன்று விஷயங்கள் சேர வேண்டும்.

ஒன்று, அவர் ஞானஸ்நானம் பெற்றவராக இருக்க வேண்டும். அதனால் ஒரு இந்துவோ முஸ்லிமோ பதிதர் ஆக முடியாது.

இரண்டு, கடவுள் வெளிப்படுத்தியது என்று திருச்சபை அறிவித்த ஓர் உண்மையை அவர் மறுக்க வேண்டும், அல்லது சந்தேகிக்க வேண்டும்.

மூன்று, எடுத்துச் சொன்ன பிறகும் பிடிவாதமாக நிற்க வேண்டும். தெரியாமல் தப்பாக நம்புவது வேறு கணக்கு.

விசுவாசத்தையே மொத்தமாக விட்டுவிடுவது இதில் வராது, அது மறுதலிப்பு. போப்பின் அதிகாரத்தை ஏற்க மறுப்பது பிரிவினை. இந்த மூன்றுக்கும் தண்டனை ஒன்றுதான், திருச்சபையில் இருந்து விலக்கு.

அப்படி என்னவெல்லாம் நம்ப வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை பூசையில் சொல்லும் விசுவாச அறிக்கையில் அதன் சாரம் இருக்கிறது. கடவுள் ஒருவரே, தந்தை, மகன், தூய ஆவி என மூன்று ஆள்களாக இருக்கிறார். இயேசு உண்மையான கடவுள், உண்மையான மனிதர், சாவில் இருந்து உயிர்த்தவர். 325-ல் நிசேயா சங்கத்திலும் 381-ல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்திலும் இந்த அறிக்கை உருவானது. இயேசு படைக்கப்பட்டவரே, தந்தைக்குச் சமமானவர் இல்லை என்று போதித்த ஆரியுஸைத் தள்ளிவைத்ததும் நிசேயா சங்கம்தான்.

அண்மைக் கால உதாரணமும் உண்டு. இலங்கையைச் சேர்ந்த பாதிரியார் திஸ்ஸ பாலசூரிய, மரியாளைப் பற்றிய தன் நூலில் எழுதிய கருத்துகளுக்காக 1997 ஜனவரியில் விலக்கி வைக்கப்பட்டார். ஒரு வருஷத்தில் சமரசம் ஏற்பட்டு, 1998 ஜனவரியில் தடை நீங்கியது. அங்கேயும் விவகாரம் போதனை பற்றியது, உடை பற்றியது இல்லை.

மொத்தப் பட்டியலையும் புரட்டிப் பார்த்தாலும் குடுமி, சந்தனம், சைவச் சாப்பாடு என்று எதுவும் இருக்காது. நொபிலி பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான்.

நொபிலி எப்படி வாதாடினார்?

ஒரு வழக்கம் எதுக்காக இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். சாமி கும்பிடுவதற்காக மட்டுமே இருந்தால் அது மதம், விட்டுவிட வேண்டும். ஊரில் ஒருவரின் அந்தஸ்தைக் காட்டவோ, சுத்தத்துக்கோ, அலங்காரத்துக்கோ இருந்தால் அது சமூக வழக்கம், வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கில், குடுமி பல சாதியினரும் வைப்பது, அதனால் மத அடையாளம் இல்லை. பூணூல் அந்தஸ்தின் அடையாளம். சந்தனம் அலங்காரம். குளியல் சுத்தம், மந்திரம் சொல்லாமல் குளித்தால் போதும். ஆனால் விபூதி சிவனோடு சேர்ந்தது, அதனால் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் அவர் அனுமதிக்கவில்லை. மறுபிறவிக் கொள்கையைக் கடுமையாக மறுத்து எழுதியவரும் அவர்தான்.

வாதத்துக்கு ஆதாரமாக இந்திய நூல்களையும், மதுரைப் பிராமணர்களின் சாட்சியங்களையும் அடுக்கினார். ஆதித் திருச்சபையின் வரலாற்றையும் எடுத்துக் காட்டினார். இங்கிலாந்து மக்கள் மனம் மாறியபோது அவர்களுடைய பழைய கோயில்களை இடிக்காமல் தேவாலயமாக மாற்றச் சொன்னவர் போப் முதலாம் கிரகோரி. ரோமாபுரிக்காரர்கள் கிறிஸ்தவர்கள் ஆனபோது தங்கள் உடையை மாற்றிக்கொள்ளவில்லை. அவர்களுக்கு ஒரு நியாயம், மதுரைக்காரருக்கு ஒரு நியாயமா என்பதே கேள்வி.

இந்த விளக்கத்தைப் படித்த பெல்லார்மின் மனம் மாறினார். கண்டித்தவரே ஆதரவாளர் ஆனார்.

கோவா விசாரணை, ரோமின் தீர்ப்பு

1619 பிப்ரவரியில் கோவாவில் பேராயர் தலைமையில் சபை கூடியது. நொபிலி காவி உடையிலேயே போய் நின்றார். கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் அவருக்கு எதிர். பேராயரும் எதிர். ஆச்சரியம் என்னவென்றால், மத விசாரணை மன்றத்தைச் சேர்ந்த நீதிபதி அல்மெய்தா நொபிலி பக்கம் நின்றார். கொடுங்கல்லூர் பேராயர் பிரான்சிஸ் ரோசும் ஆதரித்தார்.

முடிவு எட்டாமல் விவகாரம் ரோமுக்குப் போனது. 1621-ல் பெல்லார்மின் இறந்தார். 1623 ஜனவரி 31-ல் போப் 15-ம் கிரகோரி தீர்ப்பு வெளியிட்டார். பூணூல், குடுமி, சந்தனம், குளியல் நான்கும் அனுமதி. ஆனால் நிபந்தனையோடு. இந்துக் கோயிலில் இருந்தோ, பழைய சடங்கோடோ பூணூலை வாங்கக் கூடாது, மந்திரம் கூடாது, பழைய வழிபாட்டின் சாயல் எதுவும் கூடாது.

நொபிலி பதிதர் இல்லை என்பது உறுதியானது. புகார் கிளம்பி 13 வருஷம் ஆகியிருந்தது.

தீர்ப்பில் பலர் கவனிக்காத பகுதி

அதே ஆவணத்தில் போப் இன்னொன்றையும் சொல்லியிருந்தார். உயர்ந்த சாதியில் இருந்து வந்த கிறிஸ்தவர்கள், தாழ்ந்தவர் எனப்படுவோரைக் கேவலமாகப் பார்க்கக் கூடாது. முக்கியமாகத் தேவாலயத்துக்குள், போதனை கேட்கும்போது, அருட்சாதனங்களைப் பெறும்போது அந்தப் பிரிவு இருக்கக் கூடாது.

குடுமிக்குக் கிடைத்த அனுமதி நடைமுறைக்கு வந்தது. இந்த அறிவுரை வரவில்லை.

நொபிலியின் வாதத்தில் இருந்த பெரிய பலவீனம் இதுதான். பூணூல் சமூக வழக்கம் என்றால், அது காட்டும் சாதியும் சமூக வழக்கம் ஆகிவிடுகிறது. சாதி மதம் இல்லை, வெறும் ஊர் வழக்கம் என்று சொன்னதும், அதைத் தொடாமலே கிறிஸ்தவர் ஆகலாம் என்றாகிவிட்டது. மதுரையில் அப்போதே இரண்டு கோயில்கள் இருந்தன. பெர்னாண்டஸின் புகாரில் பொறாமை இருந்திருக்கலாம். ஆனால் ஒரே கிறிஸ்துவை நம்புபவர்கள் ஏன் ஒரே கூரையின் கீழ் வரவில்லை என்ற அவருடைய கேள்வியில் நியாயம் இருந்தது.

பிராமண சந்நியாசி வேஷத்தில் இருந்த நொபிலியால் தாழ்த்தப்பட்டவர்களோடு வெளிப்படையாகப் பழக முடியவில்லை. அதுக்காக 1640-ல் பண்டாரசாமிகள் என்ற தனிப் பிரிவு தொடங்கப்பட்டது. எல்லாச் சாதியினரையும் சந்திக்கக்கூடிய பண்டாரத் துறவி கோலம் அது. ஆளுக்கு ஒரு கோயில் என்று இருந்தது, இப்போது ஆளுக்கு ஒரு குரு என்றும் ஆனது.

கடைசிக் காலம்

தீர்ப்புக்குப் பிறகு நொபிலி திருச்சி, சேலம், சேந்தமங்கலம் எனப் பயணம் போனார். 1640-ல் கைதாகிச் சிறையிலும் இருந்தார். கண் பார்வை மங்கத் தொடங்கியது. 1640-களின் நடுவில் மதுரையை விட்டு மாற்றப்பட்டு, கொஞ்ச காலம் யாழ்ப்பாணத்தில் இருந்தார். பிறகு மயிலாப்பூர். ஏறக்குறையப் பார்வை இல்லாத நிலையிலும், எழுதியவற்றை மற்றவர்கள் துணையோடு திருத்திக்கொண்டிருந்தார். 1656 ஜனவரி 16-ல் அங்கேயே இறந்தார். வயது 78.

அவர் போட்ட பாதையில் பலர் வந்தார்கள். 1693-ல் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அருளானந்தர் எனும் ஜான் டி பிரிட்டோ அவர்களில் ஒருவர். கோவில்பட்டி பக்கம் காமநாயக்கன்பட்டியில் பணி செய்த வீரமாமுனிவர் இன்னொருவர்.

நொபிலி ஒரு போலி வேதம் எழுதினார் என்று இன்றைக்கும் சுற்றும் கதைக்கு ஆதாரம் இல்லை. எசூர் வேதம் எனப்படும் அந்த நூல் பிரெஞ்சு மொழியில் கிடைத்தது. அவர் இறந்து ரொம்ப காலத்துக்குப் பிறகு எழுதப்பட்டது என்பதே ஆய்வாளர்களின் முடிவு.

ரோம் மனம் மாறியதா?

மாறியது, அதுவும் இரண்டு தடவை.

போப்பின் தூதராகப் புதுச்சேரி வந்த டூர்னோன், 1704-ல் இந்த வழக்கங்கள் பலவற்றுக்குத் தடை போட்டார். பிள்ளையார் உருவம் உள்ள தாலி கூடாது, சிலுவை உள்ள தாலி போடலாம் என்றார். இன்று தென் மாவட்டக் கத்தோலிக்கக் கல்யாணங்களில் சிலுவைத் தாலி கட்டும் வழக்கத்துக்குப் பின்னால் இப்படி ஒரு நீண்ட பஞ்சாயத்து இருக்கிறது. இன்னொரு முக்கியமான உத்தரவும் போட்டார். நோயாளியான பறையர் வீட்டுக்குள் பாதிரியார்கள் நேரில் போய் அருட்சாதனம் கொடுக்க வேண்டும் என்பதே அது. இதுக்கும் எதிர்ப்பு வந்தது.

1744-ல் போப் 14-ம் பெனடிக்ட் தடையை உறுதி செய்தார். இந்தியாவில் வேலை செய்யும் பாதிரியார்கள் அதைக் கடைப்பிடிப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும் என்றார். அந்தச் சத்தியப் பிரமாணம் 1940-ல்தான் நீக்கப்பட்டது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், அந்தந்த மண்ணின் பண்பாட்டை வழிபாட்டில் ஏற்கலாம் என்று கதவைத் திறந்தது. சீர்திருத்தச் சபையினரைப் பதிதர் என்று ஏசும் பழக்கத்தையும் விட்டு, பிரிந்த சகோதரர்கள் என்று அழைத்தது.

இன்றைக்கு இதனால் என்ன?

பொட்டு வைத்தால் கிறிஸ்தவர் இல்லையா என்ற கேள்விக்குக் கத்தோலிக்கத்தில் 1623-லேயே அடித்தளம் போடப்பட்டுவிட்டது. ஒருவரைக் கத்தோலிக்கர் ஆக்குவது ஞானஸ்நானமும் விசுவாச அறிக்கையும். உடை, சாப்பாடு, பொங்கல் பானை எல்லாம் அதுக்கு அடுத்துதான். வழிபாடாக இல்லாத வரை அவை ஒருவரைப் பதிதர் ஆக்காது.

ஆனால் சாதி? வடக்கன்குளத்தில் 19-ம் நூற்றாண்டில் சாதிவாரியாகப் பிரிந்து உட்காரும்படி தேவாலயமே கட்டப்பட்டது. சாதிக்கு ஒரு கல்லறை, திருவிழாத் தேரில் பாகுபாடு என்ற புகார்கள் தமிழகத்தில் இன்னும் வருகின்றன. 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி அந்தஸ்தும் இல்லை. சர்ச்சில் சாதி இருக்கிறது, சர்டிஃபிகேட்டில் இல்லை என்ற நிலையில் அவர்கள் நிற்கிறார்கள்.

குடுமியைப் பற்றி 13 வருஷம் விசாரித்தார்கள். கடவுள் முன்னால் எல்லோரும் சமம் என்று வாயால் அறிக்கையிட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார மறுப்பவர் விசுவாசத்தை ஏற்கிறாரா, மறுக்கிறாரா என்று மட்டும் அன்று யாரும் வழக்குப் போடவில்லை. நொபிலியின் வாழ்க்கை தமிழ்த் திருச்சபையிடம் விட்டுப்போயிருக்கும் பாக்கி அந்தக் கேள்விதான்.